குக்கரும் ஜாம் பாட்டிலும் போதும்: ஆர்க்கிட் விதையை ஊடகத்தில் முளைக்க வைக்க ஒரு வழிகாட்டி

ஆர்க்கிட் விதையைத் தொட்டியில் தூவி முளைக்க வைக்க முடியாது. தூசி போன்ற அந்த விதைக்குள் முளைக்கும் கருவுக்கென்று சேமித்த உணவு எதுவும் இல்லை. காட்டில் ஒரு பூஞ்சை உள்ளே புகுந்து அதற்கு ஊட்டுகிறது. பாட்டிலில் அந்த வேலையைச் சர்க்கரையும் உப்புகளும் கலந்த ஊடகம் செய்கிறது. ஆனால் அதே சர்க்கரை காற்றில் மிதக்கும் ஒவ்வொரு பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் விருந்துதான். சில நாளிலேயே அவை பாட்டிலை நிரப்பிவிடும். ஆர்க்கிட் முளைக்க வாரக்கணக்கில் ஆகும்.

இதைக் கற்றுக்கொள்ளும்போது எனக்குக் கிடைத்த குறிப்புகளெல்லாம் ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்காக எழுதப்பட்டவை. எந்தப் பொருளை எங்கே சில்லறையாக வாங்குவது, சென்னை வெயிலில் பாட்டிலை எங்கே வைப்பது என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை. புதிதாக வருபவர்கள் ஊடகச் செய்முறையை மாற்றி மாற்றிப் பார்த்தே சோர்ந்துபோகிறார்கள். உண்மையில் பெரும்பாலான தோல்விகள் இரண்டே இடத்தில்தான் வருகின்றன: காயை எடுக்கும் நாள், கை சுத்தம். கீழே அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. எந்தச் செடியில் தொடங்குவது

டெண்ட்ரோபியத்தில் தொடங்குங்கள். தமிழ்நாட்டுச் சமவெளி வெப்பத்தில் நன்றாக வளரும், காய் சீக்கிரம் முற்றும், விதையும் எளிதாக முளைக்கும். அடுத்ததாக ஃபெலனாப்சிஸ். வாண்டாவுக்குப் பொறுமை வேண்டும். பாஃபியோபெடிலம் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். அது முளைப்பதும் கடினம், சட்டச் சிக்கலும் உண்டு.

இணையத்தில் "ஆர்க்கிட் விதை" என்று வண்ணப் படத்துடன் விற்கும் பாக்கெட்டுகளை வாங்காதீர்கள். கடுகு அளவிலோ எள் அளவிலோ கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும் விதை ஆர்க்கிட் விதையே அல்ல. நீல நிற, புலிமுக, குரங்குமுக ஆர்க்கிட் என்று விற்பவை பெரும்பாலும் ஏதோ புல் விதை அல்லது கீரை விதை. உங்கள் செடியிலோ நண்பர் செடியிலோ நீங்களே காய் பிடிக்க வைப்பதுதான் நம்பகமான வழி.

2. காகித வேலை

நர்சரியில் வாங்கிய கலப்பின டெண்ட்ரோபியத்தை வீட்டில் விதைத்து வளர்க்க எந்த அனுமதியும் தேவையில்லை. ஆனாலும் செடி வாங்கிய ரசீதை எடுத்து வையுங்கள். பின்னாளில் நாற்று விற்கும் எண்ணம் வந்தால், தாய்ச்செடி காட்டிலிருந்து வந்ததல்ல என்பதற்கு அந்த ஒரு காகிதம்தான் ஆதாரம்.

ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ போகும்போது மரத்தில் தொங்கும் காயைப் பறித்து வராதீர்கள். காப்புக்காட்டிலிருந்து எதை எடுத்தாலும் குற்றம்தான். நீல வாண்டா, சிவப்பு வாண்டா எனப்படும் ரெனான்தெரா இம்ஷூட்டியானா, பாஃபியோபெடிலம் இனங்கள் ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளவை. உரிமம் இல்லாமல் அவற்றை வளர்க்கவோ விற்கவோ கூடாது.

வெளிநாட்டிலிருந்து நாற்று பாட்டில் வரவழைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது. ஆனால் இரண்டாம் பிற்சேர்க்கையில் உள்ள இனங்களின் நாற்றுகள் கிருமி நீக்கிய கலத்துக்குள் ஊடகத்தில் வந்தால் அவற்றுக்கு விலக்கு உண்டு. விற்பவர் இதைச் சொல்லி "எந்தக் காகிதமும் வேண்டாம்" என்பார். சைட்டிஸ் காகிதம் வேண்டாம் என்பது மட்டுமே உண்மை. இந்தியாவின் 2003ஆம் ஆண்டு தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தனியாக வேண்டும். அனுமதி கைக்கு வந்த பிறகே பணம் அனுப்புங்கள். காகிதம் இல்லாத பெட்டி விமான நிலையத்திலேயே நின்றுவிடும்.

3. காய் பிடிக்க வைத்தல், நாள் குறித்தல்

பூவின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தூணின் நுனியில் சின்ன மூடி இருக்கும். பல்குச்சியால் அதை மெல்ல நெம்பினால் மஞ்சள் நிற மகரந்த உருண்டைகள் குச்சியில் ஒட்டி வரும். தூணின் அடிப்பக்கம், மூடிக்குச் சற்றுக் கீழே, பிசுபிசுப்பான ஒரு குழி உண்டு. உருண்டைகளை அதில் வைத்து அழுத்துங்கள். பூத்து மூன்று நான்கு நாளான பூ இதற்கு நல்லது. பல டெண்ட்ரோபியங்களில் தன் மகரந்தம் தனக்குச் சேராது. இன்னொரு செடியின் மகரந்தத்தைப் பயன்படுத்துங்கள்.

சில நாளில் பூ வாடி, காம்பு தடிக்கத் தொடங்கும். இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சளாகி உதிர்ந்தால் சேரவில்லை என்று அர்த்தம். கொய்மலருக்காக உருவாக்கிய ரகங்கள் சில மும்மடியம், அதாவது குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று உள்ளவை. அவற்றில் காய் நின்றாலும் உள்ளே வெற்று உமிதான் இருக்கும்.

சேர்த்த அன்றே ஒரு அட்டையில் தாய்ச்செடி பெயர், தந்தைச்செடி பெயர், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதிக் காம்பில் கட்டிவிடுங்கள். பேனா மை மழையில் கரைந்துவிடும். இந்தத் தேதி இல்லாவிட்டால் அடுத்த கட்டமே இல்லை.

காய் வெடிப்பதற்கு முன், பச்சையாக இருக்கும்போதே எடுப்பதுதான் நமக்கு ஏற்றது. மூடிய காய்க்குள் கிருமியே கிடையாது. வெளித்தோலைச் சுத்தம் செய்தால் போதும். வெடித்துவிட்டால் ஒவ்வொரு விதையையும் சுத்தம் செய்ய வேண்டும். அதில் பாதி விதை செத்துப்போகும். தோராயக் கணக்கு இது: டெண்ட்ரோபியம் மூன்றரை முதல் 4 மாதம், ஃபெலனாப்சிஸ் 4 முதல் 5, கேட்லியா 5 முதல் 6, வாண்டா 6 முதல் 7. கோடையில் சற்று முன்னதாக முற்றும். காயின் நுனி மஞ்சளாக ஆரம்பித்தாலோ நீளவாக்கில் கோடு தெரிந்தாலோ அன்றைக்கே பறித்துவிடுங்கள். அவசரப்பட்டு மிக முன்னதாக எடுத்தாலும் பயனில்லை. விதை ஈரமாக, வெள்ளைப் பிசின் போல ஒட்டிக்கொண்டு வரும், கரு உருவாகியிருக்காது.

4. பொருள்களும் செலவும்

வீட்டில் குக்கர் ஏற்கெனவே இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ 5,000 முதல் 7,000 ரூபாய் ஆகும். அகர் (ஊடகத்தை இறுகவைக்கும் கடற்பாசிப் பொடி), எம்.எஸ் உப்புப் பொடி (முராஷிகே-ஸ்கூக் எனப்படும் ஊட்ட உப்புக் கலவை), செயலூட்டிய கரிப்பொடி, 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, பி.எச் (அமில-கார அளவு) காட்டும் தாள் அல்லது பேனா மீட்டர், உலோக மூடி போட்ட 300 மில்லி ஜாம் பாட்டில் நாற்பது, நீண்ட இடுக்கி, அறுவைக் கத்தி, ஒரு பெரிய ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டி, எல்.இ.டி டியூப், அதற்கொரு டைமர். இதற்கு மேல் எதுவும் இப்போது வேண்டாம்.

அகரும் எம்.எஸ் பொடியும் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். எம்.எஸ் பாக்கெட் வாங்கும்போது லேபிளைக் கவனமாகப் படியுங்கள். ஒரே பெயரில் சர்க்கரையும் அகரும் கலந்தது, கலக்காதது என்று இரு வகை வரும். கலக்காததையே வாங்குங்கள். பிரித்த பொடி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். சிலிக்கா ஜெல்லுடன் இறுக மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

எத்தனால் தேடி அலைய வேண்டாம். அதை வாங்க உரிமம் கேட்பார்கள். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மருந்துக் கடையிலேயே கிடைக்கும். இந்த வேலைக்கு அது போதும்.

லேமினார் ஃப்ளோ எனப்படும் வடிகட்டிய காற்று மேடைக்குப் பல பத்தாயிரம் ஆகும். முதல் வருடம் அதற்குச் செலவழிக்காதீர்கள். பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு பக்கத்தில் கை நுழைய இரண்டு வட்டம் வெட்டினால் காற்றசையாப் பெட்டி தயார். சுத்தத்தைப் பழகிக்கொண்டவர்கள் இதிலேயே பத்துக்கு எட்டு பாட்டிலைக் காப்பாற்றிவிடுகிறார்கள். இந்தச் செலவும் நேரமும் கட்டுப்படியாகாது என்றால், காயை அனுப்பினால் விதைத்துத் தரும் ஆய்வகங்கள் உண்டு. அனுப்புவதற்கு முன் பாட்டிலுக்கு என்ன விலை, விதை முளைக்காவிட்டால் கட்டணம் உண்டா, நாற்று உங்களுக்கு மட்டுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

5. ஊடகம்

ஒரு லிட்டருக்கு அளவு: எம்.எஸ் பொடி 2.2 கிராம், வெள்ளைச் சர்க்கரை 20 கிராம், இளநீர் 150 மில்லி, அகர் 7 கிராம், மீதி வாலைவடி நீர். வாங்கும் பாக்கெட்டில் லிட்டருக்கு 4.4 கிராம் என்று இருக்கும். அது முழு அளவு. ஆர்க்கிட்டுக்குப் பாதி உப்பே போதும், முழுசு போட்டால் முளை கருகும். பேட்டரி தண்ணீரும் ஆகும். கேன் தண்ணீர், குழாய்த் தண்ணீர் வேண்டாம். எந்த உப்பு எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது.

இளநீர் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். வெளிநாட்டுக்காரர்கள் டப்பாவில் வாங்குவதை நாம் தெருமுனையில் வாங்குகிறோம். வழுக்கை மெல்லியதாக உள்ள காயாகப் பாருங்கள். ஒரு கொதி விட்டால் மேலே நுரையும் துகளும் திரளும். ஆறவைத்துத் துணியில் வடிகட்டி, 150 மில்லியாகப் பிரித்து ஃபிரீசரில் வைத்துக்கொள்ளலாம். புளித்த இளநீரைச் சேர்க்காதீர்கள்.

சர்க்கரையும் உப்பும் இளநீரும் கரைந்ததும் பி.எச் பாருங்கள். 5.6 அளவில் இருக்க வேண்டும். குறைந்தால் சமையல் சோடாக் கரைசலை ஒவ்வொரு சொட்டாக விடுங்கள், கூடினால் வினிகர். பி.எச் 5க்குக் கீழே போனால் அகர் இறுகாது, கூழாகவே நிற்கும். "அகர் மோசம்" என்று கடைக்காரரிடம் சண்டை போடுபவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். பி.எச் சரிசெய்த பிறகே அகரைப் போட்டு, கைவிடாமல் கிளறிக் கொதிக்கவிடுங்கள். கலங்கல் போய்த் தெளிந்ததும் பாட்டிலுக்கு 50 மில்லி வீதம் ஊற்றுங்கள். ஒரு லிட்டருக்கு இருபது பாட்டில் வரும்.

ஹார்மோன் சேர்க்கச் சொல்லும் செய்முறைகள் நிறையக் கண்ணில் படும். விதைக்கு அது தேவையில்லை. அளவு கொஞ்சம் தவறினாலும் இலையும் வேருமில்லாத கட்டிகளாகவே பெருகிக்கொண்டிருக்கும்.

மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, அதன் மேல் மருந்துக் கடை மைக்ரோபோர் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். காற்று போகும், கிருமி போகாது.

6. குக்கரில் வேகவைத்தல்

வீட்டு குக்கரின் வெயிட் கிட்டத்தட்ட ஆய்வகத்தில் நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கொடுக்கும் அழுத்தத்தையே, அதாவது சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அளவையே, தாங்குகிறது. அந்த அழுத்தத்தில் நீராவி 121 டிகிரி செல்சியஸ். அடியில் தட்டு போட்டு, இரண்டு விரல் தண்ணீர் ஊற்றி, பாட்டில்களை அடுக்குங்கள். மூடியைக் கால் சுற்று தளர்த்தி, மேலே அலுமினியத் தாள் சுற்றுங்கள்.

வெயிட் போடும் முன் 5 நிமிடம் நீராவி தாராளமாக வெளியேறட்டும். உள்ளே காற்று தங்கினால் அழுத்தம் ஏறும், வெப்பம் ஏறாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம் வையுங்கள். விசிலை எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் 10 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் அதே வெயிட்டில் உள்ளே வெப்பமும் சில டிகிரி குறையும். முடிந்ததும் வெயிட்டைத் தூக்கக் கூடாது. ஊடகம் பொங்கி டேப்பை நனைத்துவிடும். தானாக அடங்கட்டும். இடுக்கி, கத்தி, ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு ஆகியவற்றைத் தாளில் சுற்றி அதே குக்கரில் வைத்து எடுக்கலாம்.

மூடியை இறுக்கி ஒரு வாரம் சும்மா வையுங்கள். அந்த வாரத்தில் எதிலாவது பூஞ்சை வந்தால் குக்கர் வேலை சரியாகவில்லை என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட பாட்டிலில் நல்ல காயை வீணாக்க வேண்டாம்.

7. விதைக்கும் நாள்

அதிகாலை நல்லது. விசிறி, ஏ.சி எல்லாம் நிறுத்தி, அரை மணி முன்னதாகவே ஈரத்துணியால் தரையைத் துடைத்துவிடுங்கள். தலையை மூடிக்கொள்ளுங்கள். பெட்டியின் உட்புறம் முழுக்க ஆல்கஹால் தெளித்து, பாட்டில்களையும் துடைத்து உள்ளே வைத்து, 15 நிமிடம் காற்று அடங்கட்டும். பெட்டிக்குள் மெழுகுவத்தியோ விளக்கோ ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும்.

காயில் ஒட்டியிருக்கும் காய்ந்த பூவைக் கத்தரித்து, பாத்திரம் கழுவும் திரவமும் பழைய பல்துலக்கியும் கொண்டு வரிப்பள்ளங்களைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு நிமிடம் ஆல்கஹாலில் முக்கி, தண்ணீரில் நன்றாக அலசுங்கள். இந்த அலசலை விடக்கூடாது. ஆல்கஹாலும் பிளீச்சும் ஒன்று சேர்ந்தால் நச்சு ஆவி வரும். பிறகு 4 முதல் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு, சோப்பு ஒரு சொட்டு கலந்த கரைசலில் 20 நிமிடம் மூழ்கியிருக்கட்டும். மாதக்கணக்கில் திறந்து வைத்த பிளீச்சுக்கு வீரியம் இருக்காது, புதிய பாட்டில் வாங்குங்கள்.

கையுறை போட்ட கையில் ஆல்கஹால் தெளித்துப் பெட்டிக்குள் விடுங்கள். இனி எல்லா அசைவும் மெதுவாக. காயைத் தட்டில் வைத்து இரு முனையையும் வெட்டித் தள்ளி, நீளவாக்கில் பிளந்தால், உள்ளே மூன்று வரிசையாக வெளிர்மஞ்சள் பஞ்சு அடைந்திருக்கும். இடுக்கி நுனியால் தொட்டதும் உதிர்ந்தால் சரியான பருவம். ஒரு சிட்டிகைக்கும் குறைவாக எடுத்து, மூடியை முழுக்கக் கழற்றாமல் சாய்த்துப் பிடித்து, ஊடகத்தின் மேல் தட்டிவிடுங்கள். திறந்த பாட்டிலின் வாய்க்கு மேலே கை வரக்கூடாது. ஒரு காயில் லட்சக்கணக்கான விதை இருக்கலாம். எல்லாவற்றையும் விதைக்கும் ஆசையை விடுங்கள். அடர்த்தியாக விழுந்தால் ஒன்றையொன்று நெருக்கி எல்லாமே பழுப்பாகும். ஒரே பாட்டிலில் எல்லாம் போடாமல் பத்துப் பாட்டிலாவது விதையுங்கள்.

மீந்த விதையில் கொஞ்சத்தைக் கண்ணாடித் தட்டில் தூவி லென்ஸில் பாருங்கள். ஒளி ஊடுருவும் உறை, அதன் நடுவில் நீள்வட்டமாகச் சற்றுக் கருத்த கரு. உறை மட்டும் தெரிந்து நடுவில் வெறுமையாக இருந்தால் அந்தக் காயில் எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

8. காத்திருக்கும் மாதங்கள்

25 டிகிரி செல்சியஸ் ஒட்டிய வெப்பம், டியூப் வெளிச்சம் 12 முதல் 14 மணி நேரம். நேர் வெயில் பத்து நிமிடம் பட்டாலும் மூடிய பாட்டில் உள்ளே வெந்துபோகும், ஜன்னல் ஓரம் ஆகாது. சித்திரை வைகாசியில் சமவெளியில் இருப்பவர்கள் வீட்டிலேயே குளிர்ச்சியான அறையின் கீழ்த்தட்டில் வைக்கவும். அலமாரியின் மேல்தட்டு எப்போதும் சூடு.

பூஞ்சை 3 முதல் 7 நாளில் பஞ்சாகத் தெரியும். பாக்டீரியா பால் சிந்தியது போல வழவழப்பாகப் படரும், சில சமயம் மாதம் கழித்தும் வரும். கெட்ட பாட்டிலைத் திறந்து பார்க்காதீர்கள். அப்படியே குக்கரில் வேகவைத்து, அப்புறம் கழுவுங்கள்.

இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் விதைகள் உப்பிப் பச்சையாகும். அந்தப் பச்சை உருண்டைக்குப் பெயர் புரோட்டோகார்ம். சில வாரம் கழித்து அதன் அடியில் வெள்ளை இழைகள் வரும். பார்ப்பதற்குப் பூஞ்சை போலவே இருப்பதால் பலர் பயந்து பாட்டிலையே தூக்கிப் போடுகிறார்கள். இழைகள் உருண்டையை ஒட்டியே நின்றால் அது செடியுடையது; ஊடகத்தின் மேல் வட்டமாகப் பரவினால்தான் பூஞ்சை. இரண்டு மூன்று மாதத்தில் முதல் இலை தலைகாட்டும்.

9. புது ஊடகத்துக்கு மாற்றுதல்

முதல் இலை வந்ததும், அல்லது உருண்டைகள் நெருக்கியடித்துப் பழுப்பாகத் தொடங்கியதும் மாற்றுங்கள். ஊடகம் முன்போலவேதான். கூடுதலாக லிட்டருக்கு அரைத்த வாழைப்பழம் 50 கிராம், கரிப்பொடி 1 கிராம், அகர் 8 கிராமாக. வாழைப்பழம் பி.எச்சைக் கீழே இழுக்கும், அரைத்துக் கலந்த பிறகே அளவிடுங்கள். கரி அடியில் தங்காமல் இருக்க, குக்கரிலிருந்து எடுத்து இறுகும் முன் ஒரு முறை சுழற்றுங்கள். பாட்டிலுக்கு 25 முதல் 30 நாற்று. மூன்று நான்கு மாதம் கழித்து மறுபடி மாற்றும்போது 12 முதல் 15 போதும்.

10. பாட்டிலை விட்டு வெளியே

விதைத்து 10 முதல் 14 மாதத்தில், இரண்டு விரற்கடை உயரமும் மூன்று நான்கு வேரும் வந்தால் வெளியே எடுக்கலாம். மே மாதத்தில் எடுக்காதீர்கள், நாற்று காய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் எடுத்தால் அழுகும். ஜூலை முதல் செப்டம்பர் நடுவரை, இல்லையென்றால் தை, மாசி.

எடுக்கும் முன் ஒரு வாரம் பாட்டிலை நிழலான வெளியிடத்தில் மூடியபடியே வைத்துப் பழக்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அகர் முழுவதையும் கழுவுங்கள். வேரிடுக்கில் ஒட்டிய சின்னத் துணுக்கு சர்க்கரைகூட இரண்டே நாளில் அழுகலைக் கொண்டுவரும். பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் முக்கி, ஒரே தொட்டியில் பத்துப் பதினைந்தாக, பொடிக் கரியும் தேங்காய் மட்டைத் துண்டும் கலந்து நடுங்கள். மட்டையை ஒரு வாரம், தினமும் தண்ணீர் மாற்றி ஊறவைத்திருக்க வேண்டும். அதிலுள்ள உப்பும் துவர்ப்புச் சாறும் இளம் வேரைக் கருக்கும். 75 சதவீத நிழல்வலை, காலையில் பனிபோலத் தண்ணீர், மாலைக்குள் இலை காய்ந்திருக்க வேண்டும். உரம் மூன்று வாரம் கழித்து, 19:19:19 லிட்டருக்கு அரை கிராம்.

டெண்ட்ரோபியம் இதன் பிறகு இரண்டு மூன்று ஆண்டில் பூக்கும். வாண்டாவுக்கு ஐந்தோ அதற்கு மேலோ. இரண்டு பெற்றோரின் பெயரும் சரியாகத் தெரிந்து, அந்தக் கலப்பை இதுவரை யாரும் பதியவில்லை என்றால், முதல் பூ வந்ததும் லண்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியில் உங்கள் கலப்பினத்துக்குப் பெயர் பதியலாம். காம்பில் கட்டிய அந்தப் பென்சில் அட்டையின் விவரங்களை ஒவ்வொரு பாட்டிலுக்கும் தொட்டிக்கும் மாற்றி எழுதிக்கொண்டே வந்திருந்தால்தான் இது முடியும்.

எல்லாப் பாட்டிலையும் ஒரே நாளில் பிரிக்காதீர்கள். பாதியை எடுத்து நட்டு, ஒன்றரை மாதம் பார்த்துவிட்டு, அவை புது வேர் விட்ட பிறகு மீதியைத் திறங்கள்.